நான் சொன்ன தோட்டா

என் அண்ணன் கப்பல் வேலைக்கென்று ரங்கூனை விட்டுப் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கப்பல் எங்கெங்கோ சுற்றிவிட்டு அவனை டெக்சாஸ் பக்கம் இறக்கிவிட்டது. ஒப்பந்தம் முடியாமல் பாதியில் இறங்கிக்கொண்டவன் என்பதால் இங்கே திரும்பி வர வழியில்லை. கல்யாணம், வீடு எல்லாம் அங்கேயே ஆகிவிட்டது. ஆகவே நான்தான் அங்கே போய் அவனைப் பார்க்க வேண்டும் என்று பேச்சு. பேசிப் பேசியே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

எங்கள் பேட்டையான பபேடானில் இன்டர்நெட் கடைகள் வந்த பிறகு, சனிக்கிழமை காலையில் ஒரு பாய் கடையில் உட்கார்ந்து அவனோடு பேசுவேன். முகம் தெரியும்போது குரல் வராது. குரல் வரும்போது கரண்ட் போய்விடும். கிடைத்த நேரத்தில் உடம்பு, மழை, விலைவாசி என்று எதையாவது சொல்லிக்கொள்வோம். கொஞ்ச நாளில் அதுவும் தீர்ந்துபோய், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அப்படி ஒரு சனிக்கிழமை அவன் கேட்டான்: "டேய், ஒரு ரைஃபிள் வாங்கலாம்னு இருக்கேன். ஏ.ஆர். மாடல். எந்தத் தோட்டாவுக்கு எடுக்கட்டும்? நீ பாத்துச் சொல்லு."

அவனுடைய கூட்டாளி ஒருவனின் பண்ணையில் காட்டுப் பன்றித் தொல்லையாம். ஏ.ஆர். என்பது பார்வைக்கு ராணுவத் துப்பாக்கி போலவே இருக்கும். அங்கே கடையில் போய் வாங்கலாம். மேல்பாகம், கீழ்பாகம், தோளில் முட்டுக்கொடுக்கும் பின்கட்டை என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து நம் உடம்புக்குத் தகுந்தபடி மாட்டிக்கொள்ளலாம். இங்கே அதைக் கனவில் கண்டாலும் காலையில் வாசலில் உளவுத்துறை ஆள் நிற்கும். என்னிடம் போய்க் கேட்கிறானே என்று சிரிப்பு வந்தது.

ஆனால் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் அப்பாவிடம் லைசென்ஸ் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஊருக்கு வெளியே வயல்வெளியில் வாத்து சுட எங்களைக் கூட்டிப்போவார். நான் இடது கைக்காரன். ஒரு தடவை வரப்பின் மேல் நின்று இரண்டு விசையையும் சேர்த்து இழுத்துவிட்டேன். அது உதைத்த உதையில் மல்லாந்து கீழே விழுந்து இடது தோளெலும்பு முறிந்தது. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அவன்தான் என்னை முதுகில் சுமந்துகொண்டு ரோடு வரைக்கும் நடந்தான். எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு அப்பா அந்தத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். என் எலும்பு மட்டும் கோணலாகக் கூடி அப்படியே நிற்கிறது.

அண்ணன் கேட்டதும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கடையில் உட்கார்ந்து ரைஃபிள் படமாகப் பார்த்தேன். தோட்டாவின் எடை, குண்டின் வேகம், குழலின் நீளம் எல்லாம் படித்தேன். மூன்றாவது நாள் பாய் என் காதருகே வந்து குனிந்தார்.

"அண்ணே, சினிமா பாருங்க, கிரிக்கெட் பாருங்க. இதைப் பாத்தா உங்களோட என்னையும்ல அள்ளிட்டுப் போவான்."

"எங்க அண்ணனுக்குப் பாக்கிறேன் பாய்."

"யாருக்குப் பாத்தா என்ன? கதவு ஓரத்துல உக்காந்து பாக்காதீங்க. உள்ள வாங்க."

அன்றிலிருந்து எனக்குக் கழிவறைப் பக்கத்து மெஷின்தான். துப்பாக்கி என்ற சொல்லையே கடைக்குள் சொல்லக்கூடாது என்று உத்தரவு. நாங்கள் அதைத் தையல் மெஷின் என்றும் தோட்டாவை நூல் என்றும் சொல்லிக்கொண்டோம். பாய் நிம்மதியாக டீ குடித்தார்.

கடைசியில் இரண்டு தோட்டா நின்றன. டூ டூ த்ரீ என்பது சின்னது. உதை குறைவு, விலை மலிவு, எங்கும் கிடைக்கும். சிக்ஸ் எயிட் என்பது அதைவிடக் கனம். உதை கொஞ்சம் கூடும், ஆனால் பன்றி நின்ற இடத்திலேயே விழும். எனக்குச் சந்தேகமே இல்லை.

"சிக்ஸ் எயிட் எடு அண்ணே. பன்னி தோள்பட்டை கெட்டி. மத்தது எலிக்குத்தான் ஆகும்."

"டூ டூ த்ரீ போதும்டா. உதை கம்மி."

"ஆறடி ஆளு நீ. உனக்கு உதையா?"

"உனக்கு இன்னும் இடது கைதானே?" என்று கேட்டான்.

"கை என்ன, வயசானா மாறிடுமா?"

"சும்மா கேட்டேன். சட்டைக் கை நீளம் எவ்வளவு வைப்ப நீ?"

வீட்டில் என் மனைவியை டேப் வைத்து அளக்கச் சொல்லி, அடுத்த சனிக்கிழமை சொன்னேன். கிறிஸ்துமஸுக்குச் சட்டை வரும் என்று காத்திருந்தேன். ஒரு சட்டையும் வரவில்லை. டூ டூ த்ரீ வாங்கிவிட்டேன் என்ற செய்திதான் வந்தது. எனக்கு ஒரே கோபம். கேட்கிறவன் கேட்பானேன், கேட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்குச் செய்வானேன்?

அந்த வருஷம்தான் நான் அமெரிக்கத் தூதரகத்துக்கு விசா கேட்டுப் போனேன். "அங்க போயி தையல் மெஷின் கதையெல்லாம் எடுக்காதீங்க," என்று மனைவி எச்சரித்து அனுப்பினாள். நான் எடுக்கவில்லை. வெயிலில் வரிசையில் நின்று கண்ணாடிக்கு முன்னால் போனேன். சொந்த வீடு உண்டா, நிலம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தள்ளிவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளையெல்லாம் இங்கே இருக்க, ஓடிப்போகிறவன் மாதிரி என்னைப் பார்த்தார்கள் என்று எனக்கு ரோஷம். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

அவன் எப்போதாவது, "இன்னொரு தடவை போட்டுப் பாக்கிறியா?" என்பான்.

"வேணாம் அண்ணே. ஒரு தடவை பட்டது போதும்."

"சரிடா, சரிடா," என்று பேச்சை மாற்றிவிடுவான்.

ஒரு நாள் அவன் கழுத்தில் சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. என்ன என்று கேட்டேன். கொசு என்றான். டெக்சாஸ் கொசுவுக்குப் பல் உண்டா என்று கிண்டல் செய்தேன். அவனும் சிரித்தான்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு மழைக்காலச் சனிக்கிழமை சொன்னான்: "அந்த மெஷினை வித்துட்டேன்டா. இடது கைக்காரன் ஒருத்தன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தான். அவன்கிட்டயே குடுத்துட்டேன்."

"இடது கைக்காரனுக்கு எதுக்கு அது?"

"அது இடது கை மெஷின்தான்டா. நீ இங்க வந்தா சுடலாம்னு உனக்குன்னு எடுத்தது. சுட்டா காலி ஓடு இடப்பக்கம் தெறிக்கும். நான் வலது கைக்காரன், எனக்குக் கழுத்துல வந்து விழும், சுடச்சுட. பின்கட்டையும் உன் கை நீளத்துக்குத்தான் வச்சேன். உன் தோளுக்கு ஆகாதுன்னுதான் அந்தச் சின்ன நூல்."

"ஏன் அண்ணே சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா, எனக்காக வாங்கி வச்சிருக்கானேன்னு மறுபடியும் விசாவுக்குப் போயி வெயில்ல நிப்ப. உன்னை அலையவைக்க எனக்கு ஆனாடே."

ஆனாடே என்பது எங்கள் ஊர் பர்மாச் சொல். நம்மால் இன்னொருவருக்குச் சிரமமாகிவிடுமே என்று மனசு கூசுவது. இத்தனை வருஷம் அமெரிக்கச் சோறு தின்றும் அவனுக்கு அது போகவில்லை. பாழாய்ப்போன கூச்சம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்துத் தடவை போய் நின்றிருப்பேன். சத்தியமாக நின்றிருப்பேன்.

"இப்ப உங்கிட்ட ஒண்ணுமில்லையா?" என்றேன்.

"வேற எடுத்துட்டேன். வலது கைக்கு."

"எந்தத் தோட்டா?"

நூல் என்று சொல்ல வேண்டியதை மறந்து சத்தமாகக் கேட்டுவிட்டேன். பாய் திரும்பிப் பார்த்தார்.

"சிக்ஸ் எயிட்தான்டா. நீ சொன்னதுதான் சரி. பன்னி அடிச்ச இடத்துலயே விழுது."

அவன் வாயால் அதைக் கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தவன் நான். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டவனுடைய தோளைப் பற்றி அவன் இனி யோசிக்க வேண்டியதில்லை.

"நல்லது அண்ணே," என்றேன்.