மேலோகத்தாரின் மணிக்கட்டு

வேலை விட்டு வந்ததும் மேலோகத்தார் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு கட்டிலில் நீட்டிப் படுத்துவிடுகிறார். தேநீரெல்லாம் பிறகுதான். "நோயாளி வந்தாச்சும்மா" என்று அங்கிருந்தே குரல் கொடுக்கிறார். மனைவி ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கியபடியே வருகிறார். முதல் நாள் அதைச் சில்லென்று மார்பில் வைத்ததற்கு இவர் போட்ட கூச்சல் பக்கத்து வீடு வரை கேட்டதாம்.

கிரேன் ஓட்டியவர் இவர். கட்டடம் எழும்பும் இடத்தில், எல்லோர் தலைக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்ததால், கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் மேலோகத்தார். "மேலோகம் போய்ச் சேந்தாச்சா?" என்று கீழிருந்து கேட்பார்கள். "நீங்களும் வாங்க, இடம் இருக்கு" என்பார். தொப்பை, தாராளமான மீசை, எதற்கும் அலட்டிக்கொள்ளாத முகம். விலாவில் விரல் பட்டால் மட்டும் குழந்தை மாதிரி நெளிவார்.

மகளின் படிப்பு முடிந்த கையோடு நர்சிங் படிக்கச் சேர்ந்தவர் மனைவி. வகுப்பில் எல்லோருக்கும் அவர் அக்கா. உடல் பரிசோதனைப் பாடம் தொடங்கியதும் பழகிப் பார்க்க வீட்டில் அகப்பட்ட உடம்பு இவருடையதுதான். கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார். நினைவு தெளிவாக இருக்கிறதா என்று அறிய, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார். "உன்கிட்ட மாட்டிக்கிட்டு இருக்கேன்" என்று பதில் வரும். வயிற்றை அமுக்கினால் குடலின் சத்தம் மாறிவிடும், அதனால் முதலில் ஸ்டெதாஸ்கோப் குழலை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அமுக்க வேண்டும். இது இவருக்கும் மனப்பாடம். "கேக்காம கை வைக்காதே" என்று தொப்பையைப் பொத்திக்கொள்வார்.

இத்தனையிலும் இவருக்குப் பிடித்தது நாடி பார்ப்பதுதான். எண்ணி முடித்த பிறகும் மனைவி கையை விடுவதில்லை. மணிக்கட்டைப் பிடித்தபடி இவர் மார்பையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில்கூட இப்படி உட்கார்ந்ததில்லையே என்று இவருக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிற்று. ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லியும்விட்டார். மனைவி சிரித்த சிரிப்பில், எண்ணுவதற்காக வைத்திருந்த கடிகாரமே கை நழுவியது.

"மூச்சை எண்றேன்னு சொன்னா நீங்க மூச்சையே மாத்திடுவீங்க. அதான் நாடி பாக்கிற மாதிரியே கையைப் பிடிச்சுக்கிட்டு மூச்சை எண்றது. பாடத்துல அப்படித்தான் இருக்கு."

அசடு வழிந்த மேலோகத்தார் பழிவாங்கத் தொடங்கினார். மனைவியின் பார்வை மார்புக்குப் போன மறுகணம் மூச்சை அடக்கிக்கொள்வார், அல்லது ஓடி வந்தவர் போல் இரைப்பார். எண்ணிக்கை பாழாகும். வீட்டில் இதே கூத்துதான்.

அப்படி ஒரு மாலை மனைவி மார்பைப் பார்க்கவே இல்லை. நாடியையே திரும்பத் திரும்ப எண்ணினார். ஒரு துடிப்பு தாமதமாக வந்தது, அடுத்த இரண்டு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. தன் விரல்தான் தப்பு செய்கிறது என்று தன் மணிக்கட்டில் பார்த்தார், மகளின் மணிக்கட்டில் பார்த்தார். இரண்டும் ஒழுங்காக இருந்தன. பிறகு குழலை இவர் நெஞ்சிலும் விரலை நாடியிலும் வைத்துச் சேர்த்துப் பார்த்தார். அங்கேயும் அதே தாறுமாறு.

இவருக்கு ஒரு வலியும் இல்லை. பரீட்சையில் கோட்டை விடப்போகிறாய் என்று கேலி செய்தார். மறுநாள் தளம் போடுகிறார்கள், தான் ஏறாவிட்டால் வேலையே நின்றுவிடும் என்றார். காலையில் கிளம்பியவரை மனைவி வாசலில் மறித்தார்.

"நான் தப்பா எண்ணியிருந்தா வாழ்நாள் பூரா சொல்லிச் சிரிங்க. சரியா எண்ணியிருந்தா? அவ்வளவு உசரத்துல யாருங்க வந்து உங்களைப் பிடிப்பாங்க?"

ஆஸ்பத்திரியில் டாக்டர், இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்றார். இப்படியே விட்டால் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம், ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடலாம், நல்ல வேளையாக அதற்குமுன் வந்துவிட்டீர்கள் என்றார். இவர் அப்போது கூண்டையும் அதன் கீழே நடமாடும் ஆட்களையும் நினைத்துக்கொண்டதாகப் பின்னால் சொன்னார்.

இப்போது மாத்திரை உண்டு, மேலே ஏறும் வேலை இல்லை. தரையில் நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறார். பெயர் மட்டும் மாறவில்லை. "மேலோகம் போறவனை வீட்டுக்காரி கையைப் பிடிச்சு இழுத்துட்டா" என்று கேட்பவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்கிறார். மனைவியிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மனைவியின் பரீட்சை முடிந்து, தேறியும் ஆயிற்று. பழகிப் பார்க்க இனி இந்த உடம்பு வேண்டியதில்லை. ஆனாலும் மேலோகத்தார் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து படுக்கிறார். மூச்சில் இப்போது திருட்டுத்தனம் கிடையாது, சீராக விடுகிறார். மனைவி நாடியை எண்ணுகிறார், மூச்சையும் எண்ணுகிறார். முடிந்ததும் கடிகாரத்தைக் கட்டிலில் கவிழ்த்து வைக்கிறார். விரல்களை மணிக்கட்டிலிருந்து எடுக்கவில்லை.