எட்டு வருஷத் தற்காலிகம்

எங்கள் எண்ணெய் வயலில் யூலாயை எல்லோரும் ‘தற்காலிகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பம்பு மெக்கானிக் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால், நாற்பத்தைந்து நாளுக்கு மட்டும் என்று தெற்கே பஷ்கீரியாவிலிருந்து ரஷ்யாவின் வடகோடியில் இருக்கும் இந்த யாமல் சதுப்புக்கு வந்தவன். அது எட்டு வருஷத்துக்கு முன்னால். ஒவ்வொரு கோடையும் அவன் மூட்டை கட்டுகிற நேரம் பார்த்து போர்மன் ஸ்தெபானிச் அடுத்த கோடைக்கான காகிதத்தை நீட்டுவார். இவனும் தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவான். நல்லவன், ஆனால் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் கிணற்றிலும் விழுகிற ரகம்.

நான் அக்னியா. தங்குமிடத்துப் பொறுப்பு என்னுடையது. படுக்கை விரிப்பு கொடுப்பது, சேற்று பூட்ஸோடு உள்ளே வருகிறவனைத் திட்டுவது, அறைகளைக் கூட்டுவது எல்லாம் நான்தான்.

மே மாத நடுவிலிருந்து இங்கே சூரியன் மறைவதில்லை. வானத்தைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர படுக்காது. நேற்று எது, இன்று எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே நீளமான நாளுக்குள் எல்லோரும் மிதந்துகொண்டிருப்போம். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டுத் தூங்கினாலும் கனவுக்குள் வெயில் அடிக்கும். வேலை முடிந்ததும் யூலாய் வெளியே இரும்புப் படியில் உட்காருவான். சதுப்பெங்கும் வெள்ளைப் பஞ்சுப்புல் மெல்ல அசையும். கொசுக்கள் மேகமாக இறங்கி ரீங்காரமிடும். நாங்கள் முகத்துக்கு வலையைப் போட்டுக்கொண்டு ஓடுவோம். இவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பான்.

“என்னடா, கொசுக் கச்சேரியா?”

“இல்லக்கா. கண்ண மூடினா எங்க வீட்டுத் தேனீ மாதிரியே இருக்கு.”

“கடிக்கும்போது தெரியும், யாருன்னு.”

ஒரு தடவை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்குத் தேனீ எதுவும் வரவில்லை. எழுந்து போகவும் மனம் வரவில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவன், ஊரில் பெண்டாட்டி இருக்கிறாள், எனக்கொன்றும் புத்தி கெட்டுப் போகவில்லை. அவனைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அவன் ஊரில் லிண்டன் மரங்கள் ஜூலையில் பூக்கும். பன்னிரண்டு நாள்தான். வருஷத்துத் தேனெல்லாம் அந்தப் பன்னிரண்டு நாளில் வந்து சேர வேண்டும். எட்டு வருஷமாக அந்தப் பூவை அவன் பார்க்கவில்லை. இந்த முறைதான் கணக்குப் பார்த்து, பனி கரையும் முன்பே வந்து, பூக்கத் தொடங்கும்போது ஊர் போய்ச் சேருகிற மாதிரி நாளை அமைத்துக்கொண்டிருந்தான்.

கடைசி நாளில் மூடுபனி இறங்கியது. ஹெலிகாப்டர் வரவில்லை. மாற்றாள் வந்து இறங்காமல் இங்கே யாரும் ஏற முடியாது. ஒரு நாள், இரண்டு நாள். என் மேசைப் போனில் அவன் மனைவி கத்தியது எனக்கே கேட்டது.

“பூத்தாச்சு! மேல் தேன்பெட்டிய ஒத்தையில எறக்க முடியல. தேனீயெல்லாம் உங்கள மறந்தே போச்சு. வந்தா திருடன்னு நெனச்சுக் கொட்டப் போகுது.”

“கொட்டட்டும், வந்துடறேன்,” என்றான்.

மூன்றாம் நாள் பனி விலகியது. ஹெலிகாப்டரும் வந்தது, மாற்றாளும் வந்தான். யூலாய் பையைக் கட்டினான். புறப்படும் முன் எங்கள் வழக்கப்படி, பேசாமல் சற்று உட்கார்ந்தோம். அவன் கட்டிலில், நான் நாற்காலியில். அப்போதுதான் ஸ்தெபானிச் காகிதத்தோடு வாயைத் திறந்தபடி உள்ளே வந்தார். நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எப்பேர்ப்பட்ட போர்மனும் அந்த மௌனத்தைக் கலைக்கக் கூடாது.

அது ரொம்ப நீண்ட நிமிஷம். வெயில் சுவரில் நகர்ந்தது போலத் தோன்றியது. யூலாயின் உதடுகள் ஏதோ எண்ணுவது போல அசைந்தன. போன நாட்களையா, பாக்கிப் பூவையா, தெரியவில்லை. பிறகு எழுந்தான்.

“வழக்கமான கையெழுத்துதான், தம்பி,” என்றார் ஸ்தெபானிச்.

“வேணாம்ணே.”

“என்னடா வேணாம்? காரணம் சொல்லு.”

“மரம் பூத்திருக்குண்ணே.”

அவர் அவனையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவை அந்தக் காகிதம் வெறுமையாகவே திரும்பிப் போனது.

வாசலில் யூலாய் நின்றான். “அக்கா, நான் ஏறினதும் ரூமக் கூட்டிடு.”

எனக்குத் திக்கென்றது. போனவர் ஊர் சேரும் முன் கூட்டினால் திரும்பி வரும் தடம் அழிந்துவிடும். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

“வழி அழிஞ்சுடும்டா.”

“அழியட்டும்க்கா. என்னை நானே நம்பல. அடுத்த வருஷம் யாராவது போன் பண்ணிக் கெஞ்சினா வந்துடுவேன்.”

அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் ஊர் சேர்ந்த செய்தி வந்ததும் துடைப்பத்தை எடுத்துவிடுவேன். இவன் போனால் மட்டும் ஒரு வாரம் அந்த அறைக் கதவைக்கூடத் திறக்க மாட்டேன். எட்டு வருஷமும் அப்படித்தான். அவனை இழுத்து வந்தது ஸ்தெபானிச்சின் காகிதமா, நான் விட்டுவைத்த தூசியா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஹெலிகாப்டர் எழும்பியது. துடைப்பத்தை எடுத்தேன். கட்டிலுக்கடியில், கதவுக்குப் பின்னால், மூலை மூலையாகக் கூட்டினேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே வாசற்படியையும் இன்னொரு தடவை கூட்டினேன்.

அவன் அப்புறம் வரவே இல்லை. நன்றாகத்தான் கூட்டியிருக்கிறேன்.