மாமனாரின் ஹெட்போன்

கறுப்பு ஹெட்போன். காதில் அழுந்தும் இரண்டு பஞ்சிலும் தேங்காய் எண்ணெய் ஏறிப் பளபளக்கும். அதிலிருந்து ஐந்து மீட்டர் வயர் கிளம்பி, சோபாவுக்கு அடியில் புகுந்து, டிவியின் முதுகுக்குப் போகும். நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டில் இருந்த கடைசி எட்டு மாதமும் என் மாமனார் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, விமானம் ஓட்டப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்காருவார். வயருக்கு அலைந்து வாங்கி வந்து மாட்டியவன் நான். அதில் எனக்கிருந்த பெருமையை இப்போது எழுதக் கை கூசுகிறது.

மாமியார் போன பிறகு பாப்பிரெட்டிப்பட்டியில் தனியாகக் கிடந்தவரை என் மனைவி சண்டை போட்டுத்தான் கூட்டி வந்தாள். பெண் கொடுத்த வீட்டில் தங்குவது அவருக்குப் பெருங்கூச்சம். குழம்பில் உப்பில்லை என்றால்கூட வாய் திறக்க மாட்டார். தொப்பூர் கணவாயில் முப்பது வருஷம் லாரி ஏற்றி இறக்கியதில் காது முக்கால்வாசி போயிருந்தது. எட்டு மணி சீரியலை எங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் வைத்தால் எதிர்வீட்டுக்காரர் வந்து நிற்பார். "என்னங்க சார், உங்க டிவி மாமியாரு எங்க வூட்ல வந்து அழுவுறாங்க." அந்த முகத்தைப் பார்த்த மறுநாளிலிருந்து, எட்டு மணி ஆனால் மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுகொண்டார். "காத்து நல்லா வருதுங்க மாப்ள" என்றார். ஒரு இலை அசையவில்லை.

அவர் காதுக்கு மட்டும் சத்தம் போக ஒரு ஹெட்போன் வாங்கி, அதை டிவியோடு கோர்க்க வயர் தேடித் தருமபுரிக் கடையில் நின்றேன். சுவர் முழுக்க வயர். எனக்கு வயரைக் கண்டாலே உள்ளங்கை வேர்க்கும். முதல் தடவை தட்டைத் தலை எச்.டி.எம்.ஐ. வாங்கி வந்தேன், அது படத்தையும் சத்தத்தையும் டிவிக்குள் கொண்டுவருகிற வயர், எனக்கோ சத்தத்தை வெளியே எடுக்க வேண்டும். இரண்டாம் தடவை சிவப்பும் வெள்ளையுமாக மூக்கு நீட்டிய வயர். ஹெட்போனில் அதைக் கோர்க்க வழியே இல்லை. "அப்பா காதுலயே நேரா சொருகிடுங்க" என்றாள் மனைவி. மூன்றாம் தடவை கடைக்காரரே மனமிரங்கி, ஹெட்போனின் ஒற்றைப் பின்னை நீட்ட ஐந்து மீட்டர் வயர் எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க சார். ஹெட்போன் ஓட்டையில சொருகினா டிவி சத்தம் கட்டாயிடும், அவருக்கு மட்டுந்தான் கேக்கும். ரெண்டும் வேணும்னா தனியா ஒரு பெட்டி வைக்கணுங்க."

மணி ஏழு ஐம்பத்தைந்து. செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு டிவிக்கும் சுவருக்கும் நடுவில் தலையை விட்டேன். சீரியல் நின்றால் என் கதி என்ன என்ற பயத்தில் கண் எதையும் படிக்கவில்லை. விரலில் ஒரு வட்ட ஓட்டை தட்டுப்பட்டது, சொருகிவிட்டேன். டிவி சத்தம் நிற்கவே இல்லை! வெளியே வந்து, ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, காதைத் தொட்டுக் காட்டி, "கேக்குதுங்களா மாமா?" என்றேன். மாமனார் ஒரு நொடி என் முகத்தையே பார்த்தார். வேர்வை, ஒட்டடை, கையில் எச்சில் பட்ட செல்போன். "கணீர்னு கேக்குதுங்க மாப்ள" என்றார்.

உடனே கடைக்காரருக்குப் போன் போட்டு, "உங்க பெட்டி யாருக்குங்க வேணும்?" என்று அலட்டினேன். டிவி சத்தத்தைப் பன்னிரண்டுக்கு இறக்கினேன். எதிர்வீட்டுக்காரர் வருவது நின்றது. மாமனாரும் வாசலுக்குப் போகவில்லை. நாங்கள் சிரித்தால் சிரித்தார், மனைவி கண்ணைத் துடைத்தால் உச்சுக் கொட்டினார். "கேப்டன், பிளைட்டு எப்பங்க கெளம்பும்?" என்று நான் கேட்பேன். அதற்கும் சிரிப்பார்.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாள் பிற்பகல், மனைவி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் கிரிக்கெட் பார்க்கலாமென்று ஹெட்போனை முதல் தடவையாக நான் மாட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. வயர் அறுந்துவிட்டதோ என்று டார்ச்சோடு பின்னால் போனேன். இந்தத் தடவை எழுத்து தெரிந்தது. நான் பின்னைச் சொருகியிருந்த ஓட்டை, பழைய டிவிடி பிளேயரை மாட்டி வெளிச் சத்தத்தை டிவிக்குள் அனுப்புவதற்கானது. ஒரு விரற்கடை கீழே, குட்டி ஹெட்போன் படம் போட்ட இன்னொரு ஓட்டை. மாற்றிச் சொருகினேன். டிவி ஊமையாகி, மைதானத்துக் கூச்சல் மொத்தமும் என் காதில் விழுந்தது.

டிவி சத்தம் நிற்கவில்லை என்று குதித்தேனே, அப்போதே தெரிந்திருக்க வேண்டும். எட்டு மாதம் அந்த மனிதர் சத்தமே வராத இரண்டு மூடியால் மிச்சமிருந்த கால்வாசிக் காதையும் பொத்திக்கொண்டு எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். மூன்று நடை அலைந்த மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல், எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கதையைத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

மனைவி எழுந்ததும் சொன்னேன். சிரித்தபடி ஆரம்பித்தேன், பாதியில் சிரிப்பு வரவில்லை. அவள் ஹெட்போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"டெய்லி நாடகம் முடிஞ்சதும் சமையக்கட்டுக்கு வந்து ஸ்டூல்ல உக்காந்துக்குவாரு. 'இன்னிக்குக் கதையில என்னம்மா ஆச்சு?'ன்னு கேப்பாரு. மறதி வந்துடுச்சுன்னு நெனச்சேங்க. ஒருநாளு, 'கூடவேதானப்பா உக்காந்து பாத்த, மறுபடி எதுக்கு என் உசுர வாங்கற'ன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் அவரு கேக்கவே இல்ல."

இப்போதும் எட்டு மணிக்கு அந்த சீரியல் ஓடுகிறது. நானும் அவளும் பார்க்கிறோம். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறோம். கதையில் என்ன ஆனது என்று எங்களில் யாரும் பேச்செடுப்பதில்லை.