கிளிம்மர் என்று எழுதினேன்

அக்காவுக்கு வலது கண்ணோரத்தில் வெளிச்சம் வெட்ட ஆரம்பித்தபோது நான் பாப்பாரப்பட்டியில் ஆங்கில வாத்தியார். எண்பதுகளின் நடுப்பகுதி. என் மண்டைக்கனத்துக்கு அளவே கிடையாது. ஆங்கிலத்தில் வெளிச்சத்துக்கு எத்தனை சொல் உண்டென்று தனி நோட்டே போட்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டிக் கரி கனன்றால் குளோ. வளையல் கடை ஜிகினா கிளிட்டர். புளி போட்டுத் துலக்கிய குடம் கிளீம். அதியமான்கோட்டை ரோட்டில் எதிரே வரும் லாரி கண்ணைக் கூச வைத்தால் கிளேர். தூரத்தில் சிமினி விளக்கு மினுக் மினுக்கென்றால் கிளிம்மர். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். எனக்கு அது பெரிய போதை.

அக்கா முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் படிக்க வைத்ததே அந்த மெஷின்தான். ஒரு சாயங்காலம் பெடலை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"டேய் தம்பி, இருட்டுல போனா கண்ணோரம் பளீர் பளீர்னு வெட்டுதுடா. மின்னலாட்டம். கண்ண மூடுனாலும் வுட மாட்டேங்குது."

எங்கள் தலைமை ஆசிரியருக்குத் தெரிந்த கண் டாக்டர் ஒருவர் பெங்களூரில் இருந்தார். விவரம் எழுதினால் எப்போது வரலாமென்று பதில் போடுவாராம். எழுதத்தான் நான் இருக்கிறேனே! முதலில் பிளாஷ் என்றுதான் எழுதினேன். பிறகு அடித்தேன். கல்யாண வீட்டில் போட்டோக்காரர் அடிப்பது பிளாஷ். அவ்வளவு பெரிய டாக்டருக்கு அதையா எழுதுவது? கிளிம்மர் என்று போட்டேன். உரக்கப் படித்து நானே ரசித்தேன். சீ, இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பதில் வந்தது. தையல் வேலையால் வந்த களைப்பாக இருக்கலாம், அவசரமில்லை, உங்கள் பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்ததும் அழைத்து வாருங்கள் என்றிருந்தது.

அவசரமில்லை என்று டாக்டரே சொன்ன பிறகும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் நிற்பேன், ஜன்னல் பக்கம் போவேன், மறுபடி கரும்பலகைக்கு வருவேன். வீட்டுக்குப் போனால் அக்கா கண்ணெதிரே கொசுவை விரட்டுவது போல் கையை வீசிக்கொண்டிருப்பாள். அங்கே கொசுவே இருக்காது. "இன்னைக்கும் வெட்டுச்சா?" என்பேன். "போடா, பொழுதன்னைக்கும் இதையே கேக்காத" என்று எரிந்து விழுவாள். இன்னொரு கடிதம் போடலாமா என்று பேனாவை எடுப்பேன். முதல் கடிதத்தில் தப்பிருந்ததென்று ஒப்புக்கொள்வது போலாகுமே என்று மூடி வைப்பேன். ரோஷமாம், ரோஷம்!

பதில் வந்த பதினெட்டாம் நாள் காலையில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. அக்கா ஊசியின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"கீழருந்து கருப்புத் துணி ஏறுதுடா. பாதி தெரியல" என்றாள். பரீட்சையாவது ஒன்றாவது, அவளை அழைத்துக்கொண்டு பெங்களூருக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

டாக்டருக்குத் தமிழ் வராது. நான் ஆங்கிலத்தில் வாயெடுப்பதற்குள் அக்கா கன்னடத்தில் கடகடவென்று சொல்லிவிட்டாள். அவளிடம் தைக்க வருகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். கூட ஓர் ஆள் இல்லாமலே அவளால் தன் கண்ணைப் பற்றிப் பேச முடியும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை, பாருங்கள். டாக்டர் கேட்டுக்கொண்டே என் கடிதத்தைத் தேடி எடுத்து, என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார்.

"இதையா கிளிம்மர் என்று எழுதினீர்கள்? மங்கலாக ஏதோ மினுங்குகிறதென்று நினைத்தேன். இது பிளாஷ். விழித்திரை கிழியும்போது வெட்டுகிற வெளிச்சம். தெரிந்திருந்தால் அன்றே தந்தி கொடுத்திருப்பேன்."

ஆபரேஷன் நடந்தது. அந்தக் கண்ணில் நிழல் மட்டும் மிஞ்சியது. ஊருக்கு வந்த மறுவாரமே அக்கா மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் அவளுக்கு நூல் கோத்துக் கொடுப்பது என் வேலையானது. ஒருநாள் நான் நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏன்டா, நீ எழுதுன வார்த்தைக்கும் அந்த டாக்டர் சொன்ன வார்த்தைக்கும் அப்பிடி என்னடா வித்தியாசம்?"

நூலை ஊசிக் காதில் கோத்தேன்.

"பதினெட்டு நாள், அக்கா" என்றேன்.

அவள் கோத்த நூலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மெஷினை மிதித்தாள்.