டிரெட்மில்லில் வாய் திறக்காத டிரைவர்

எங்கள் தெருக்கோடி பஸ் டிரைவருக்கு இதயப் பரிசோதனையின்போது பேச்சு நின்றுவிட்டது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. சலூனில் பக்கவாதம் என்றார்கள். மருந்துக்கடையில் ஒரு படி மேலே போய், ஆளே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். துக்க முகத்தை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். கதவைத் திறந்தவர் அவரேதான்.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். டிரைவர்களுக்கான வருடாந்தரப் பரிசோதனையில் இவருடைய ஈசிஜி கோட்டில் ஓரிடம் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. டிரெட்மில் டெஸ்ட்டில் தேறினால் ஸ்டியரிங்; இல்லாவிட்டால் டிப்போவில் டயருக்குக் காற்றடிக்க வேண்டியதுதான். பஸ்ஸைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாத மனிதர். குடும்பத்தை ஓட்டுவதுகூட மனைவிதான்.

மார்பு முடியை மழித்து, ஒயர்களை ஒட்டி, ஓடும் பட்டைமீது ஏற்றிவிட்டார் டெக்னீஷியன் பெண். வேகம் கூடியது, மேடு கூடியது. நெஞ்சு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று அவர் கேட்கக் கேட்க, இவர் எதிர்ச்சுவரை முறைத்தபடி நடந்திருக்கிறார். மூச்சுவிடவில்லை, அதாவது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்தப் பெண் பயந்துபோய் மெஷினை நிறுத்திவிட்டார். முடிவு தெளிவில்லை, மறுபடி வரவும் என்று எழுதிவிட்டார்கள்.

வீட்டில் மனைவி பிடித்து உலுக்கியபோதுதான் காரணம் வெளியே வந்தது.

"வண்டி ஓடும்போது நான் யார்கிட்டடி பேசியிருக்கேன்?"

யாரிடமும் இல்லைதான். கண்டக்டர் கேட்டால் மட்டும் தலையாட்டுவார். அதனால் மறுதடவை கண்டக்டரே லீவு போட்டுவிட்டு வந்தார், மாடிப்படியில் இரைக்க இரைக்க. டெக்னீஷியன் கேட்டதையெல்லாம் இவர் முதுகுக்குப் பின்னால் நின்று திருப்பிக் கேட்டார்.

"அண்ணே, நெஞ்சு வலி இருக்கா?"

தலை இல்லை என்றது.

"மேடு வருது. போலாமா?"

போகலாம் என்றது.

ஸ்டியரிங் பிழைத்தது. ஒயர்களைக் கழற்றிக்கொண்டே டெக்னீஷியன் கண்டக்டரைப் பார்த்தார். அவருக்கு இரைப்பு இன்னும் அடங்கவில்லை.

"நடந்தவர் இவர். உங்களுக்கு ஏன் சார் இவ்வளவு மூச்சு வாங்குது? அடுத்து நீங்க வந்து ஏறுங்க."

கண்டக்டர் ஏறும் நாளில் பின்னால் நின்று குரல் கொடுப்பது தன் கடன் என்று டிரைவர் அங்கேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வண்டி நிற்கும் போதெல்லாம் நினைவுபடுத்துகிறார். கண்டக்டரோ போன வாரமும், பாக்கி கேட்கும் பயணியிடம் சொல்வதுபோல, சில்லறை இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி விசில் ஊதிவிட்டாராம்.