என் வாசல் வெயிலில் பழுத்த மேரியின் தக்காளி

ஜெயமேரி போய்விட்டாள். காலையில் அவள் மகள்தான் ஃபோன் செய்து சொன்னாள். நாளைக்குக் கொடைக்கானலிலேயே அடக்கம்.

என் முழங்காலை வைத்துக்கொண்டு திண்டுக்கல்லிலிருந்து மலை ஏற முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்கிறாள் பேத்தி. முயற்சி செய்கிறேன்...

அறுபதுகளில் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து குவார்ட்டர்ஸ். என் வீட்டுக்காரருக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை.

அந்தக் குளிரில் வீட்டில் தக்காளி போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. கேரட் வரும், பூண்டு வரும். தக்காளி மட்டும் பச்சையாகவே நின்று, பழுப்பதற்குள் மழை பிடித்து அழுகிவிடும். பஸ்ஸில் கீழேயிருந்து வருவதோ பாதி நசுங்கித்தான் வந்து சேரும்.

பள்ளிக்கூடத்தில் இருந்த வெள்ளைக்கார டீச்சரம்மா ஒருவர், சீக்கிரம் பழுக்கிற ஜாதி என்று ஒரு பாக்கெட் விதையைப் பிரித்து எங்களுக்குப் பாதிப் பாதி கொடுத்தார். ஒரே விதை. ஒரே குழாய்த் தண்ணீர்.

மேரி வீட்டில் பழுத்தது. என் வீட்டில் பழுக்கவில்லை.

என் வீட்டுக்கு முன்னால் யூகலிப்டஸ் மரங்கள், மத்தியானம் வரை நிழல். அவள் வாசலில் விடிந்ததுமே வெயில். விஷயம் இதுதான் என்று கண்டுபிடித்து, வீட்டுக்காரரை நச்சரித்து, ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு வீட்டையும் மாற்ற வைத்தேன்.

"எந்த வீடா இருந்தா என்னக்கா, கூரை ஒழுகாம இருந்தாச் சரி" என்று சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மாறிவிட்டாள் மேரி. ஒரு முகச்சுளிப்பு கிடையாது. அதுவும் எனக்கு எரிச்சல்.

அடுத்த வருஷம் உறைபனி விட்டதும் நான் மண்ணில் பாத்தி கட்டி நட்டேன். அவள் சீமெண்ணெய் டின்களை வெட்டி அதில் நட்டாள். ஒருநாள் வெள்ளனே வந்து கதவைத் தட்டுகிறாள்.

"அக்கா, ஒங்க வாசல்ல வெயிலு சும்மாதான கெடக்கு... என் டின்னுகளக் கொஞ்ச நேரம் வச்சுக்கிடட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "வச்சுக்கம்மா, வெயிலுக்கு என்ன வாடகையா கேக்கப்போறோம்" என்று சொல்லிவிட்டார்.

நான் சண்டை போட்டு வாங்கிய வெயில்!

காலையில் என் வாசல். மத்தியானம் அவள் வாசல். பொழுது சாய்ந்தால் அடுப்படி. வெயில் போகிற பக்கமெல்லாம் இடுப்பில் டின்னோடு அலைவாள். இரவில் அவள் செடிகள் அடுப்போரம் சுகமாக இருந்தன, என் செடிகள் வெளியே விறைத்தன.

நானும் டின்னில் நட்டிருக்கலாம்தான். மேரியைப் பார்த்துச் செய்தேன் என்று லைன் முழுக்கப் பேசுவார்களே...

டீச்சரம்மா கேமராவோடு வந்தார். என் பாத்தியைப் பார்த்து "வெரி நைஸ்" என்றார். அவள் டின்களைப் போட்டோ எடுத்தார். என் வாசலில் நின்றுகொண்டே!

முதல் பழத்தை மேரி எனக்குத்தான் கொண்டு வந்தாள். "ஒங்க வெயில்ல பழுத்ததுக்கா. சாப்ட்டுப் பாத்துச் சொல்லுங்க, எப்டி இருக்கு?"

கதவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மென்று முழுங்கிவிட்டு, "தோலு கொஞ்சம் தடிப்பு" என்றேன்.

"அப்ப அடுத்த வருசம் பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே போனாள். அடுத்த வருஷமும் வந்தாள். புளிப்பு பத்தவில்லை என்றேன். அதற்கடுத்த வருஷம் விதை ஜாஸ்தி...

"ஏன்டி, ரசத்துல போட்டா வீடே மணக்குது. நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிருவ?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அதற்குப் பிறகு, சத்தியமாக அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

போன மாதம் அவள் மகள் வீடியோ கால் போட்டாள். மேரி படுத்த படுக்கை. முகம் சின்னதாகியிருந்தது, குரல் மட்டும் அதே குரல்.

"அக்கா... இப்பமாச்சும் சொல்லுங்களேன். நம்ம தக்காளி எப்டி இருந்துச்சு?"

"நெட்வொர்க் சரியில்ல மேரி, ஒண்ணும் கேக்கல" என்றேன். அவள் சிரித்தாள்.

கேட்டது. நன்றாகவே கேட்டது.

வயிறு எரியுற அளவுக்கு நல்லா இருந்துச்சுடி, மேரி.

போயிட்டு வா.