சீனியம்மாள் தமிழ் பேசாத வருஷங்கள்

சீனியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஊரில் அவளுக்கு இருந்த பெயர் வாயாடி. கிணற்றடியில் அவள் ஒரு கதையை ஆரம்பித்தால், நிறைந்த குடத்தை இறக்கி வைக்காமல் இடுப்போடு பிடித்தபடி பெண்கள் நின்று கேட்பார்கள். அப்படிப்பட்டவள் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தபோது பேச ஆள் இல்லாமல் போனது. புருஷன் செல்லதுரை கடைத்தெருவில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் மூட்டை எடை போடுகிறவர். அவருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கோ "வெள்ளம்", "சோறு", "போ", "வா" தாண்டி ஒன்றும் தெரியாது. சாயங்காலம் அவர் வந்ததும் பகல் முழுக்கச் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டுவாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்.

எழுபதாம் வருஷம் மகள் பிறந்தாள். பாக்கியலக்ஷ்மி என்று பெயர் வைத்தார்கள். ஒன்றரை வயதில் கடுமையான காய்ச்சல் வந்து போயிற்று. அதற்குப் பிறகு குழந்தை பேச்சு எடுக்கவில்லை. "சில பிள்ளைக லேட்டாத்தான் பேசும்" என்றார்கள். மூன்று வயதில் கோயில் உற்சவத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாணம் விடுகிற வெடிக்கட்டு தொடங்கியதும் சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் வீறிட்டன. பாக்கியம் அப்பாவின் தோளில் அசையாமல் உறங்கிக்கொண்டிருந்தாள். செல்லதுரை மனைவியின் முகத்தைப் பார்த்தார். உற்சவம் முடியும் முன்பே இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

படகேறி எர்ணாகுளம் போய் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். காது போய்விட்டது, திரும்பாது என்றார் டாக்டர். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற கமலாக்ஷி என்ற டீச்சர் இருந்தார். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி வெளியூரில் இருந்தது. விடுதியில் விட வேண்டும். சீனியம்மாள் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

"அப்போ வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கணும். மாசம் ஒரு தடவை இங்கே கூட்டிண்டு வாங்கோ. என்ன செய்யணும்னு நான் சொல்றேன்" என்றார் டீச்சர். "உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கப் பழக்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு. குட்டிக்கு ஒரு பாஷை மதி, ஒண்ணே போறும். ரெண்டைக் கலந்தா ரெண்டும் இல்லாம போயிடும். வெளியில எல்லாம் மலையாளம். வீட்டிலேயும் அதுதான் பேசணும்."

"எனக்கே சரியா வராதே டீச்சர்."

"படிச்சுக்கோங்கோ. அவளுக்கு ஒரு பாடம் முன்னாடி போனாப் போறும்."

"நீங்களும் தமிழ்தானே?"

"பாலக்காடு. அதனால என்ன? காது கேக்கற குழந்தைகிட்ட நாலு பாஷை பேசலாம். இது வேற." டீச்சர் நாற்காலியைத் திருப்பி நேராக உட்கார்ந்தார். "சத்தம் வராம ஒரு வார்த்தை சொல்றேன். என்னன்னு சொல்லுங்கோ."

டீச்சரின் உதடுகள் அசைந்தன.

"அம்மா" என்றாள் சீனியம்மாள்.

"இல்லை. அப்பான்னேன். இப்போ?"

"அப்பா."

"அம்மான்னேன். உதட்டில ரெண்டும் ஒண்ணுதான். இப்போ பாருங்கோ."

இந்த முறை பல் தெரிந்தது. அது "அச்சன்", மலையாளத்தில் அப்பா. அந்த வாயசைவை வேறொன்றாக எடுத்துக்கொள்ள வழியில்லை.

அன்றைக்குத் திரும்பி வருகிற படகிலேயே முடிவாகிவிட்டது. செல்லதுரை அச்சன் ஆனார். அவள் அம்மை ஆனாள். குழந்தையின் கண்ணில் படும்படி இருவரும் தமிழ் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு கதீஜும்மாவின் பிள்ளைகள் படித்து முடித்த ஒன்றாம் வகுப்பு மலையாளப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு சீனியம்மாள் அடுப்படியில் எழுத்துக் கூட்டினாள். காலையில் செல்லதுரை போனதும் வகுப்பு தொடங்கும். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்து, தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு "ப" சொன்னால் காகிதம் ஆடும். "ம" சொன்னால் ஆடாது. மூக்கில் விரல் வைத்தால் அதிரும். தொண்டையில் கை வைத்துப் பார்ப்பது, உள்ளங்கையில் மூச்சை ஊதிப் பார்ப்பது என்று ஒரு மணி நேரம் போகும். வீட்டிலிருந்த பொருள்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டினாள். அரிசிப் பானை, அம்மி, கதவு, பாய். செல்லதுரையின் சட்டையில் கூட "ஷர்ட்டு" என்று மலையாளத்தில் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. ஒருநாள் அதைக் கவனிக்காமல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

இன்னொரு விஷயமும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய மீசை மேலுதட்டை மூடிக் கிடந்தது. பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் மறுநாளே மழித்துவிட்டார். கிட்டங்கியில் கூட வேலை பார்த்த ஊர்க்காரர்கள் பதறிப்போய், "ஊர்ல யாரும் தவறிட்டாவளா?" என்று விசாரித்தார்கள்.

பதினொரு மணிக்கு மேல் கடைத்தெரு. ஒரு நாளைக்கு ஒரு கடை. கேட்க வேண்டியதை பாக்கியமே வாயால் கேட்க வேண்டும். உப்பு, தீப்பெட்டி, ஒரு துண்டு இஞ்சி. கடைக்காரர்களில் யார் உதடு தெளிவு, யார் உதடு மோசம் என்று அவளுக்கு விரைவிலேயே அத்துப்படியானது. வெற்றிலை போடுகிற மளிகைக்காரர் மோசம். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர் நல்ல உதடு. கணக்கு படித்ததும் கடைத்தெருவில்தான். தராசுத் தட்டைப் பார்த்து நிறை கற்றாள். அவள் பேசிய முதல் முழு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு கமலாக்ஷி டீச்சர் கண்ணீர் வரச் சிரித்தார். மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் வழி விடச் சொல்லிக் கத்துகிற வாக்கியம் அது.

ஆறு வயதில் பக்கத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துப் பார்த்தார்கள். வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் நடத்தினார். அவருடைய முதுகில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது மாதம் பிள்ளையை நிறுத்திவிடும்படி சொல்லியனுப்பினார்கள். பிறகு பள்ளிப் பேச்சே எடுக்கவில்லை.

சீனியம்மாள் பாடத்தில் விடாப்பிடியாக இருந்தாள். ஒவ்வொரு வார்த்தையையும் வாயை அகலத் திறந்து, மெதுவாக, முகத்தில் வேறு அசைவு இல்லாமல் சொன்னாள். புருஷனோடு பேச வேண்டியதைக் குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் பேசினாள். நாளாக ஆக அதுவும் குறைந்தது. ஊருக்குப் போவதை நிறுத்தினாள். அங்கே போனால் எல்லா வாயும் தமிழ். தங்கை கல்யாணத்துக்குத் தனியாகப் போய், தாலி கட்டி முடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். அம்மா அழுதாள். சீனியம்மாள் அழுததாகத் தெரியவில்லை.

எண்பத்திரண்டில் பாக்கியத்துக்குப் பன்னிரண்டு வயது. மலையாளம் நன்றாக வாசிப்பாள், எழுதுவாள். தட்டையான குரலில் பேசுவாள். தெருவில் எல்லோருக்கும் அந்தக் குரல் பழகியிருந்தது. அந்த வருஷம் செல்லதுரையின் அக்கா பேச்சி வைத்தியத்துக்காக வந்து அவர்கள் வீட்டில் தங்கினாள். பேச்சிக்கு ஒரு வார்த்தை மலையாளம் வராது. வந்தவளிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? முதல் நாள் சீனியம்மாள் ஒதுக்குப்புறமாகப் பேசினாள். இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சி ஊரில் நடந்த ஒரு எருமைத் திருட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஏதோ தப்பாகச் சொல்ல, சீனியம்மாள் மறித்து, கதையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். திருடனைப் போல் பார்த்தாள், எருமையைப் போல் தலையை ஆட்டினாள். பேச்சிக்குச் சிரித்துப் புரையேறிற்று.

பாக்கியம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு வேகமாக அந்த உதடுகள் அசைந்து அவள் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இப்படி ஒரு முகம் இருப்பதும் அவளுக்குத் தெரியாது.

"எனிக்கு ஒந்நும் மனசிலாயில்ல" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சீனியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. "அது வேற பாஷை" என்று மலையாளத்தில் சொன்னாள். அதன் பிறகு தாய்க்கும் மகளுக்கும் நடந்த பேச்சும் மலையாளம்தான்.

"யாருடைய பாஷை?"

"அத்தையோடது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் அதுதான். தமிழ்."

"அச்சனுக்கு?"

"அச்சனுக்கும்."

பாக்கியத்துக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பது புத்தகத்தில் படித்துத் தெரியும், ஹிந்தி இருப்பது போல. தெருவில் அம்மாவைப் பாண்டிக்காரி என்று சொல்வதைப் பார்த்திருக்கிறாள். ஊர்ப் பெயர் என்று நினைத்திருந்தாள். அடுப்படியில் அம்மாவும் அச்சனும் பேசுவது தனக்கு ஏன் பிடிபடவில்லை என்று யாருக்கும் தெரியாமல் கண்ணாடி முன் உட்கார்ந்து, பக்கவாட்டில் தெரிந்த அந்த வாயசைவுகளைச் செய்து பார்த்திருக்கிறாள். பெரியவர்கள் பேச்சு கடினம், தனக்கு இன்னும் பயிற்சி போதவில்லை என்றுதான் அவள் முடிவு கட்டியிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் பாடத்துக்கு உட்காரவில்லை. அதற்கடுத்த நாளும் உட்காரவில்லை. மத்தியானம் காணவில்லை. தேடிப் போனபோது, கிட்டங்கி வாசலில் ஓரமாக நின்று, சுக்கு மூட்டை இறக்குகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குள் விட்டதும் அவள் கேட்டாள்:

"எல்லாரோடயும் பேசறதை என்கிட்ட மட்டும் ஏன் பேசலை? எனக்கு வராதுன்னா?"

சீனியம்மாளுக்குக் கோபம் வந்தது. ஒன்பது வருஷக் கோபம். யார் மேல் என்று அவளுக்கே தெரியாது. அது மலையாளத்தில் வரவில்லை.

"ஒனக்காவத்தானட்டி நான் வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்!" என்று கத்தினாள். "எந்தங்கச்சி கல்யாணத்துல ஒரு வாய் சோறு திங்கல தெரியுமா?"

பாக்கியம் பயப்படவில்லை. அம்மாவின் உதட்டை உற்றுப் பார்த்தபடி, "ஒந்நூடெ பற" என்றாள். இன்னொரு தடவை சொல்லு.

சீனியம்மாள் மறுபடியும் கத்தினாள்.

"ஒந்நூடெ."

மூன்றாவது முறை சத்தம் இறங்கியிருந்தது. நான்காவது முறை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துச் சொன்னாள். பாக்கியம் அதைத் தன் வாயால் செய்து பார்த்தாள். "ட்டி"யில் தடுமாறினாள். சீனியம்மாள் மகளின் தாடையைப் பிடித்து நாக்கு எங்கே மடங்க வேண்டும் என்று காட்டினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பேச்சி, சண்டை எப்போது பாடமாக மாறியது என்று தெரியாமல் விழித்தாள்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீனியம்மாள் கமலாக்ஷி டீச்சரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். டீச்சர் கொஞ்சம் முகம் சுளித்தார். பிறகு, "பன்னிரண்டு வயசாச்சு. இனிமே குழம்ப மாட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். முதலில் சொன்னது சரியா தப்பா என்று சீனியம்மாள் கேட்கவில்லை.

தமிழ் எழுத்துகள் பாக்கியத்துக்குச் சீக்கிரம் வந்தன. உதட்டுத் தமிழ் வரத்தான் வருஷங்கள் ஆயின. மலையாளத்தில் அளந்து பேசிப் பழகிய அம்மாவின் வாய், தமிழ் என்று வந்தால் ஓடியது. "நில்லு, நில்லு" என்று மகள் கையைப் பிடித்து நிறுத்துவாள். செல்லதுரைதான் இதில் நல்ல வாத்தியாராக இருந்தார். அவர் எந்த பாஷையிலும் குறைவாகப் பேசுகிறவர். ஒரு சித்திரையில் மூன்று பேரும் ஊருக்குப் போனார்கள். பாக்கியத்துக்குப் பாதிதான் புரிந்தது. தாத்தாவுக்குப் பல் இல்லாததால் அவர் சொன்னது எதுவும் புரியவில்லை. அவள் பேசிய தமிழ் மலையாளம் போல் இருந்ததாக ஊரில் சொல்லிச் சிரித்தார்கள். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் வருத்தப்படவில்லை.

அதற்கான வயது ஆனதும் தனியாகப் பணம் கட்டிப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். முதல் தடவை இங்கிலீஷில் தவறினாள். இரண்டாம் தடவை தேறினாள். பள்ளுருத்தியில் ஒரு தையல் யூனிட்டில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் தனியாகப் போவதற்கு சீனியம்மாள் சம்மதிக்கவில்லை. பின்னால் வருகிற வண்டியின் ஹாரன் கேட்காதே என்றாள். "நான் திரும்பிப் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு பாக்கியம் போக ஆரம்பித்தாள். முதல் வாரம் சீனியம்மாள் அவளுக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸில் பின்னால் போய்விட்டு வந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

எண்பத்தெட்டில் ஒரு நாள் ஸ்வர்ணலதா என்ற கொங்கணிப் பெண் கையில் ஒரு சிறு பிள்ளையோடு வீடு தேடி வந்தாள். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. இந்த வீட்டில் ஒருத்தி பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைத்துப் பேச வைத்திருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க வீட்டில கொங்கணி. வெளியில மலையாளம். எந்த பாஷையில ஆரம்பிக்கட்டும் சேச்சி?" என்று அவள் கேட்டாள்.

சீனியம்மாள் சாயா போட்டுக் கொடுத்தாள். பிள்ளை டம்ளரைத் தட்டி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குச் சிரிப்பு எதில வரும்?" என்று கேட்டாள்.

"என்ன?"

"வீட்டில சிரிக்கிறது, சண்டை போடுறது எல்லாம் எதில?"

"கொங்கணியிலதான்."

"அப்ப அதைப் பிள்ளைகிட்டருந்து ஒளிக்காத. மத்தபடி எது சரின்னு எனக்குத் தெரியாது. நான் ஒண்ணைத்தான் வளத்தேன்."

சில மாதங்கள் அந்தப் பெண் பிள்ளையோடு மத்தியானங்களில் வந்து போனாள். பிறகு அவளுடைய புருஷனுக்கு மங்களூரில் வேலையாகி அந்தக் குடும்பம் போய்விட்டது. அந்தப் பிள்ளை எந்த பாஷையில் பேசிற்று என்ற தகவல் மட்டாஞ்சேரிக்கு வரவில்லை.